பன்னிரண்டே முக்கால் அழகு

பெயர் குட்டி. வயது இருபத்தேழு. இருப்பிடம், தையல்கார அக்கா வீட்டு மாடி அறை. படியேறியதும் இடது பக்கம். கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தோளால் தள்ள வேண்டும்.

எதைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது வசிப்புத் துறையின் உத்தரவு. பெயர், வயது, இருப்பிடம் மூன்றும் முதலில் வர வேண்டும். கடைசியில் வாசிப்பவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்க வேண்டும். வேண்டுகோள் இல்லாத காகிதத்தை அந்தத் துறையில் யாரும் வாசிப்பதில்லை. வேண்டுகோள் உள்ள காகிதத்தையும் வாசிப்பதில்லை, ஆனால் அதற்கு ஒரு எண் கொடுப்பார்கள்.

ஐந்து பிள்ளைகளில் கடைசி என்பதால் வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள். பிறகு ஆறடி வளர்ந்தான்; பெயர் வளரவில்லை. பிழைக்க வந்த ஊரில் அவனுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் அப்பளமாக வாங்கி மடிக்க வேண்டும். காலை ஆறரைக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவான். பயந்த சுபாவம். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பான். எதிரே யாராவது சீருடையில் வந்தால், அது தபால்காரராகவே இருந்தாலும், சட்டைப்பையைத் தடவி அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

அவன் மனைவியும் இரண்டரை வயது மகளும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மகள் பிறந்து நாலாவது மாதத்தில் அவன் கிளம்பி வந்தவன். அப்பா எங்கே என்று கேட்டால் அவள் போனைக் காட்டுவாள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால், "அப்பா தூங்கிட்டாரு" என்பாள். அவர்கள் இருவரையும் வரவழைக்க எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. வரவழைப்பவர் இந்த ஊரில் வசிக்கிறார் என்பதற்கான வசிப்புச் சான்று. அதை ஐம்பது நாளுக்குள் சேர்க்காவிட்டால் விண்ணப்பம் காலாவதி. மறுபடி போட்டால் மூன்று வருடம். மூன்று வருடத்தில் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடுவாள், அப்பா என்பவர் ஒரு போன் என்ற நம்பிக்கையோடு.

வசிப்புத் துறையின் கட்டடம் நல்ல உயரம். வாசலில் பெரிய எழுத்தில், 'நீங்கள் இருக்கிறீர்கள் என்று நாங்கள் சொல்லும்வரை அமைதியாக இருங்கள்' என்று எழுதியிருந்தது. குட்டி அமைதியாக நாலு மணி நேரம் இருந்த பிறகு நாலாம் ஜன்னல் கூப்பிட்டது. ஜன்னல்கார அம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பார்க்கும் வேலை ஏழாம் ஜன்னலுக்கு. வீட்டின் கடைசி முப்பது நாள் மீட்டர் கணக்கைத் திரையில் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மைனஸ் இருநூத்திப் பன்னெண்டு" என்றாள்.

குட்டி விளக்கினான். வீட்டுக் கூரையில் சோலார் தகடுகள் இருக்கின்றன. பகலில் வீட்டில் யாரும் அதிகம் செலவழிப்பதில்லை. மிச்சமெல்லாம் தெருக் கம்பிக்குப் போய்விடும். தெருவிலிருந்து வாங்கியதைவிடத் தெருவுக்குக் கொடுத்தது அதிகம், அதுதான் மைனஸ்.

அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். வெயில் எல்லா வீட்டிலும்தான் அடிக்கிறது, மற்றவர்கள் எல்லாரும் வசிக்கத்தானே செய்கிறார்கள் என்றாள். பிறகு துறையின் முறையை அவனுக்குப் புரியவைத்தாள். மனிதன் இருந்தால் விளக்குப் போடுவான், விளக்குப் போட்டால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடினால் ஆள் இருக்கிறான். மீட்டர் நின்றால் வீடு பூட்டியிருக்கிறது. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆள் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது.

"அப்ப மைனஸ்னா என்னங்க மேடம்?"

"மைனஸ்னா, நீங்க அங்க வசிக்கல. அது மட்டுமில்ல, வேற யாரோ வசிச்சதையும் கொஞ்சம் குறைச்சிருக்கீங்க."

குட்டி தன் கையைத் தானே ஒரு முறை கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது. ஆனால் வலியை நிரூபிக்க அங்கே ஜன்னல் இல்லை.

அம்மாளுக்கு இரக்க குணமும் இருந்தது. குரலைத் தாழ்த்தி, பத்து நாள் நன்றாக வசித்துப் பாருங்கள் என்றாள். எப்படி என்று கேட்டான். "எல்லா சுவிட்சையும் போடுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய் இதை அக்காவிடம் சொல்வது எப்படி என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. தையல்கார அக்கா அந்தத் தகடுகளைப் பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தாள். கீழே முன்னறையில் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் துணிக்குவியல், அதன் மேல் அவளுடைய போன். எந்த அறையில் எது ஓடுகிறது, எவ்வளவு குடிக்கிறது என்று அந்தப் போன் நொடிக்கு நொடி சொல்லும். குட்டி மாடியில் கெட்டிலைப் போட்டால் கீழே போன் முனகும். "தம்பி, தண்ணி கொதிச்சு இருபது செகண்டாச்சு" என்று படிக்கட்டில் குரல் ஏறி வரும். மாதக் கடைசியில் மைனஸ் எத்தனை என்பதை ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். அவர்கள் அளவு சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் தன் அளவைச் சொல்லி முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், அக்கா, கொஞ்சம் வீணாக்கிக்கவா என்று எப்படிக் கேட்பது. கேட்டான். அக்கா ஊசியை வாயில் கவ்வியபடியே அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "எதுக்கு தம்பி?" என்றாள்.

"நான் இருக்கேன்னு காட்டணும்க்கா."

"எதிர்லதானே நிக்கிற."

"மீட்டர்ல இருக்கணுமாம்."

அக்காவுக்கு அவன் மகளின் படத்தைத் தெரியும். ஒரு முறை அளவு கேட்டு வாங்கிச் சின்னதாக ஒரு கவுனும் தைத்து வைத்திருந்தாள். அந்தக் கவுனை நினைத்தோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். கண்ணை மூடினாளே தவிரப் போனை மூடவில்லை.

அன்றிலிருந்து குட்டி வசிக்க ஆரம்பித்தான். ஹீட்டர் போட்டுக்கொண்டு அதன் எதிரில் மின்விசிறியும் போட்டுக்கொண்டான். வேலைக்குப் போகும்போது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சமையலறைத் திண்டில் நிமிர்த்தி வைத்து, சூடாகவிட்டுப் போகப் பயந்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து அணைத்தான். காலியான வாஷிங் மெஷினை மூன்று முறை ஓடவிட்டான். அது துவைக்க ஒன்றும் இல்லாமல் தானே தன்னைத் துவைத்துக்கொண்டது. கீழே அக்காவின் போன் பிரசவ வேதனையில் இருப்பது போலக் கத்தியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காஜா எடுத்தாள். அந்த வாரம் தைத்த சட்டைகளில் பொத்தானைவிடக் காஜா பெரிதாக இருந்தது.

ஆனால் அந்தப் பத்து நாளும் வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில். வானத்தில் மருந்துக்கும் மேகம் கிடையாது. அவன் எவ்வளவு செலவழித்தானோ அதைவிட அதிகமாகக் கூரை சம்பாதித்தது. எட்டாம் நாள் காலை அவன் யாரும் பார்க்காமல் ஏணி வைத்து ஏறி, நாலு தகடுகளின் மேல் தன் போர்வையை விரித்துவிட்டு வேலைக்குப் போனான். சலவைக்கூடத்தில் இருபதாவது விரிப்பை மடிக்கும்போது அக்கா அழைத்தாள்.

"தம்பி, நாலு தகடு இருட்டா இருக்குன்னு போன் சொல்லுது. ஏறிப் பார்த்தேன். உன் போர்வைதான் காயுது. துவைச்சியா?"

"இல்லக்கா."

"தெரியும். துவைச்ச மாதிரி தெரியல."

சாயங்காலம் போர்வை துவைத்து மடித்துக் கட்டில்மேல் இருந்தது. பத்தாம் நாள் மீட்டர், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நாலாம் ஜன்னல் அதைப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் இருக்கிறது, இந்த வேகத்தில் போனால் சித்திரை போய் மாசி வரும்போது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுவீர்கள், அங்கிருந்து வசிக்கத் தொடங்கலாம் என்று தைரியம் சொன்னது. குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. நாள் நாற்பதுதான் இருக்கிறது என்றான். அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விதி ஒன்பது, உட்பிரிவு மூன்று என்று ஒரு தாளை நகர்த்தினாள். மீட்டரால் உறுதிப்படுத்த முடியாதவர்கள் முப்பது நாள் மின் நாட்குறிப்பு கொடுக்கலாம். துறையின் செயலியில், தன் வாயால், தாய்மொழியில் சொல்ல வேண்டும். போன் கேட்டு எழுதிக்கொள்ளும். எழுதியதைத் திருத்தக் கூடாது. திருத்தினால் உண்மை கெட்டுவிடும் என்பது துறையின் கருத்து.

முதல் நாள் குட்டி சொன்ன நாட்குறிப்பு மறுநாள் காலையே திரும்பி வந்தது. 'யூனிட்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் குறிப்பு: 'பிறமொழிச் சொல். அலகு என்க.' அதைப் பார்த்துவிட்டு அவன் இனிமேல் அலகு என்றே சொல்வது என்று முடிவு செய்தான். பள்ளிக்கூடத்தில் தமிழையாவிடம் வாங்கிய அடியில் அவனுக்கு ல, ள, ழ மூன்றும் சுத்தமாக வரும். சுத்தமாகத்தான் சொன்னான்.

தவறு அவன் நாக்கில் இல்லை. போனில் இருந்தது. அது ழ வராத லட்சக்கணக்கான பேரிடம் பாடம் படித்த போன். வாலைப்பலம் என்றால் வாழைப்பழம் என்று எழுதும், மலை பெய்யுது என்றால் மழை என்று எழுதும். மனிதர்களின் குறையைப் பெரிய மனதோடு பொறுத்துப் பழகிய அந்தப் போன், இவன் அலகு என்று சொன்னதும், பாவம், இவனுக்கும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, அழகு என்று எழுதியது.

குட்டி சைக்கிளில் போய்க்கொண்டே சொல்லுவான். எழுதியதைத் திரும்பப் பார்க்க மாட்டான். பார்த்தால் கை தானாகத் திருத்தப் போய்விடுமோ என்று பயம். சொல்லி முடித்ததும் ஒரு நகல் மனைவிக்கும் போகும்படி வைத்திருந்தான். தினமும் என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளுக்கும் ஒரு நிம்மதியாக இருக்கட்டும் என்று.

ஆறாம் நாள் நாட்குறிப்பு இப்படி இருந்தது:

'பெயர் குட்டி. வயது இருபத்தேழு. இருப்பிடம் தையல்கார அக்கா வீட்டு மாடி அறை. காலையில் எழுந்ததும் ஒரு அழகு. குளிக்கும்போது இரண்டு அழகு. நான் வேலைக்குப் போன பிறகு கூரையில் பதிமூன்று அழகு. நாலு உள்ளேயே தங்கிவிட்டது. ஒன்பது அழகு வெளியே போய்விட்டது. சாயங்காலம் இருட்டியதும் இரண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். எல்லாவற்றையும் அக்கா எண்ணி வைக்கிறார். வாசிப்பவருக்கு வேண்டுகோள், இந்த அழகையெல்லாம் பார்த்தாவது நான் வசிக்கிறேன் என்று ஏற்றுக்கொள்ளவும்.'

ஏழாம் நாள் மனைவி போனை எடுக்கவில்லை. எட்டாம் நாளும் எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. "நல்லா இருங்க." அவ்வளவுதான். குட்டி அதை நாலைந்து முறை போட்டுக் கேட்டான். மனசார வாழ்த்துகிறாள் என்று நினைத்து அவனுக்குத் தெம்பு வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே நாட்குறிப்பு சொன்னான்.

இருபதாம் நாள் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். குட்டி வேலைக்குப் போயிருந்தான். அக்காதான் கதவைத் திறந்தாள். ஆய்வாளர் நடுத்தர வயது, கூச்ச சுபாவம். கையில் இருந்த கோப்பைத் திறக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே இருக்கிறதாமே, அதைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்றார். தகடுகளைப் பற்றிக் கேட்க ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உட்காரச் சொல்லி, துணிக்குவியலை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"தினம் எத்தனைம்மா?"

"நேத்து பதினஞ்சு. வெயில் நல்லா இருந்தா பதினாறுகூட வரும்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "பகல்ல எல்லாம் எங்க?"

"கூரையிலதான். மல்லாந்து கிடக்கும். ஒம்பது பத்து வெளிய போயிடும், நம்ம தெருவுக்குத்தான். வேணும்னா சாயங்காலம் திரும்ப எடுத்துக்குவோம்."

"தெருவுல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. எதிர்வீட்டுக்காரர் நம்மளைப் பார்த்துட்டு அவரும் வைக்கலாம்னு இருக்கார்."

ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று மெல்லக் கேட்டார். சோம்பிப் போய்க் கிடக்கும், அழுக்குப் படியாமல் மாதம் ஒரு தடவை நானே ஏறி ஈரத்துணியால் துடைத்துவிடுவேன், பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றாள் அக்கா. ஏணி பின்னால் இருக்கிறது, ஏறிப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள்.

"வேண்டாம்மா. முன்னாடி சொல்லாம போய் நிக்கிறது மரியாதையா இருக்காது" என்று ஆய்வாளர் எழுந்துகொண்டார்.

எல்லாவற்றையும் கேட்டாரே, மாடியில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறான், அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அக்காவுக்கு அவர் போன பிறகுதான் தோன்றியது.

முப்பது நாளும் முடிந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது துணை இயக்குநர் நேரில் கூப்பிட்டார். குட்டி சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு, தன் சட்டையைத் தானே இரண்டு முறை உருளையில் கொடுத்துப் போட்டுக்கொண்டு போனான். துணை இயக்குநரின் அறையில் பட்டப்பகலில் ஒன்பது விளக்குகள் எரிந்தன. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. குட்டி தன்னையறியாமல் விளக்குகளை எண்ணினான். இவர் ரொம்ப வசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

துணை இயக்குநருக்குப் பேசப் பிடிக்கும். இந்தத் துறையில் இருபத்திரண்டு வருடம் இருப்பதாகவும், அதில் ஒரு முறைகூட ஒரு வீட்டுக்குள் போனதில்லை என்றும், போனால் நடுநிலை கெட்டுவிடும் என்றும் சொன்னார். மனிதர்களை நேரில் பார்த்து முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது, அப்போது எல்லாரும் இருந்தார்கள், பெரிய குளறுபடி என்றார். இப்போது வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கிடையாது, நிர்வாகம் எவ்வளவோ சுலபமாகிவிட்டது என்றார். பிறகு கோப்பைத் தட்டினார்.

அவருக்கு ழ வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

"உங்க நாட்குறிப்பை மூணு குழு படிச்சிருக்கு. அலகெல்லாம் தெளிவா இருக்கு. ஒவ்வொரு அலகும் எப்ப வருது, எங்க தங்குது, எப்ப வெளிய போகுதுன்னு இவ்வளவு நேர்மையா சொன்ன ஆளை நாங்க பார்த்ததில்ல."

குட்டி கைகட்டி நின்று, அலகை ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை சார் என்றான்.

"சராசரி எடுத்தோம். பன்னெண்டே முக்கால் அலகு."

"சரியா இருக்கும் சார்."

"அதனால அத்தனைக்கும் சான்று குடுத்தாச்சு."

குட்டிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான். துணை இயக்குநர் ஒரு கட்டுக் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். முதல் தாளை எடுத்தான். வசிப்புச் சான்று என்று பெரிதாக இருந்தது. முத்திரை இருந்தது. பெயர் என்ற இடத்தில், 'அழகு 1' என்று இருந்தது. அடுத்த தாளில் 'அழகு 2'. அப்படியே பன்னிரண்டு வரை. கடைசியில் கொஞ்சம் சின்னதாக ஒரு தாள், 'அழகு முக்கால்'.

அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். மறுபடி முதலிலிருந்து புரட்டினான். தன் பெயரைத் தேடினான். அவன் பெயர் தனியாக ஒரு மஞ்சள் தாளில் இருந்தது: 'குட்டி. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வசிப்பு இல்லை.'

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மனைவி சொன்ன "நல்லா இருங்க" என்பதன் முழு அர்த்தமும் அந்த நிமிடத்தில் தலையில் இறங்கியது. சார், இது தப்பு, நான் சொன்னது அழகு இல்லை, அலகு என்றான்.

"அலகுன்னுதானே நானும் சொல்றேன்."

"இது ழ சார். நான் சொன்னது ல."

"ரெண்டும் ஒண்ணுதானே."

சந்தேகம் இருந்தால் எழுதிக் காட்டலாம் என்றார் துணை இயக்குநர், ஆனால் துறையின் செயலியில் சொல்லித்தான் எழுத வேண்டும். குட்டி போனை வாயருகே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக, தமிழையா எழுந்து வந்து கைகுலுக்கும் சுத்தத்தில், அலகு என்றான். போன், அழகு என்று எழுதியது. துணை இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

"தப்புங்க சார். பெரிய தப்பு."

"கையெழுத்து போடுறதுக்கு முன்னாடிதான் அது தப்பு. போட்ட பிறகு முடிவு. இதை ரத்து பண்ண எங்ககிட்ட படிவமே கிடையாது. உருவாக்கணும்னா குழு போடணும். குழுவில இருக்கிறவங்க முதல்ல வசிப்புச் சான்று கொண்டு வரணும்." சற்று யோசித்தார். "என்கிட்டயே இல்ல."

பிறகு அவருக்கு வேறொரு கவலை. சான்று பெற்றவர்களில் ஒன்பது பேர் வெளியே போயிருப்பதாக நாட்குறிப்பே சொல்கிறது, ஆய்வாளர் அறிக்கையும் சொல்கிறது. வசிப்பவர்கள் இப்படி வெளியே நின்றால் துறைக்குக் கெட்ட பெயர். திரும்பி வருவதற்கான நுழைவு அனுமதி ஒன்பது தயாராக இருக்கிறது. அதோடு முக்காலுக்கும் ஒன்று. யாருடைய பெயரில் எழுதுவது என்பதுதான் பாக்கி.

"உங்க சொந்தத்துல அலகுன்னு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

குட்டிக்குப் பொய் வராது. வந்தாலும் பயத்தில் பாதியில் நின்றுவிடும். உண்மையைத்தான் சொன்னான். "என் பொண்ணை அப்படித்தான் சார் கூப்பிடுவேன். அழகுன்னு."

"வயசு?"

"ரெண்டரை."

"நடக்குதா?"

"ஓடும் சார்."

துணை இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அரைன்னா கைக்குழந்தை. முக்கால்னா நடக்கிற குழந்தை. பொருந்துது." எழுதிக்கொண்டார். "முக்கால் தனியா வராது. கூட யாரு?"

"அவங்கம்மா சார்."

"அவங்க அலகா?"

அந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் அரசாங்கம் அவனிடம் கேட்ட எத்தனையோ கேள்விகளில், சற்றும் யோசிக்காமல் அவன் பதில் சொன்ன கேள்வி இது ஒன்றுதான்.

"ஆமா சார்."

"அலகு ஒண்ணு. பதிவாயிடுச்சு" என்றார் துணை இயக்குநர்.

மிச்சம் எட்டுப் பேருக்கும் பெயர் கொடுக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்து இவ்வளவுதான் சார் என்று குட்டி சொல்லிவிட்டான். அதைக் கேட்டுத் துணை இயக்குநர் அவனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மனைவியை அழைத்தான். பதினேழாவது முறை எடுத்தாள். எடுத்தவுடனே, அங்கேதான் பதிமூன்று இருக்கிறதே, பதினாலாவதாக நான் வந்து எந்த மூலையில் நிற்பது என்றாள். கூரையில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த அக்கா கையில் எண்ணிக்கை நோட்டைக் கொடுத்துவிட்டீர்களாமே, என்னையும் எண்ணுவாரா என்று கேட்டாள். குட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி ல, ழ, போன், சிவப்பு வட்டம், எண் போட்ட சான்றுகள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்.

"அப்ப எனக்கு எந்த நம்பர் குடுத்திருக்காங்க?"

"ஒண்ணு."

"எழுத்துல இருக்கா?"

"முத்திரையே இருக்கு."

"அப்ப சரி" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கியதும், உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாள். நான் இல்லையாம் என்றான் குட்டி. அவள் மறுபடி சிரிப்பாள் என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

இனி ஒரு முறை இப்படி நடக்கக் கூடாது என்று அவன் அந்த நாட்களில் போனுக்கு வாத்தியாராக இருந்தான். சாப்பிடும்போதும் விரிப்பு மடிக்கும்போதும் அலகு, அலகு, அலகு என்று சொல்லி, அழகு என்று எழுதியதை ஒவ்வொரு தடவையும் அடித்துத் திருத்தினான். துறையின் செயலியில்தான் திருத்தக் கூடாது, வெளியே தடையில்லை. நாலாயிரம் தடவையாவது இருக்கும். கடைசியில் போன் மனம் திரும்பி, அலகு என்றே எழுதத் தொடங்கியது.

அவர்கள் வந்த அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே காத்திருந்து குழந்தைக்குக் கவுனை வைத்துப் பார்த்தாள், கவுன் சின்னதாகிவிட்டிருந்தது. ஓரத்தில் விட்டிருக்கிறேன், பிரித்துவிடலாம் என்றாள். மகள் குட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தாள். எது அப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அவன் முழங்காலைத் தொட்டுக் கேட்டாள்.

"சார்ஜ் இருக்கா?"

"நிறைய இருக்குடா அழகு" என்றான். குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

மாடி அறையில் சுவிட்சுப் பலகை தாழ்வாக இருந்தது. மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள். கீழே அக்காவின் போன் விக்கல் எடுத்தது போல முனகிக்கொண்டே இருந்தது. வழக்கமான குரல் படியேறி வரும் என்று குட்டி காத்திருந்தான். வரவில்லை. கீழே போய்ப் பார்த்தால் அக்கா போனைத் துணிக்குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். "போடட்டும் விடு" என்றாள்.

அந்த மாதம் முழுக்க மூட்டம். குழந்தைக்கு வெந்நீர், பால் சூடு, துணி காயவைக்கும் இயந்திரம், நொடிக்கொரு சுவிட்சு. மாதக் கடைசியில் மீட்டர் முதல் முறையாகப் பிளஸ் நாலு காட்டியது. தகடு வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி நடந்ததில்லை. அக்கா ரவிக்கைக்காரிகளிடம் அந்த மாதக் கணக்கை மட்டும் சொல்லவில்லை. ஆனால் குட்டி அந்தக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலாம் ஜன்னலுக்கு ஓடினான்.

அம்மாள் பார்த்தாள். மகிழ்ச்சி என்றாள். அந்த நாலு அலகும் அந்த வீட்டில் சான்று பெற்று வசிப்பவர்கள் உபயோகித்தது, மூன்றேகால் அலகு, அழகு ஒன்றுக்கும், முக்கால் அலகு, அழகு முக்காலுக்கும் சேர்ந்துவிட்டது என்றாள். குட்டியின் கணக்கு மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டிலேயே நிற்கிறது. தவிரவும், வசிக்காத ஒருவர் வசிப்பவர்களின் வீட்டில் இருப்பது விதிமீறல். அதற்கு ஒரு வழி உண்டு. அழகு ஒன்று அவரை வரவழைக்க விண்ணப்பிக்கலாம். முப்பது நாள் நாட்குறிப்பு தேவைப்படும்.

அன்று மாலை அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தான். மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மகள் விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை எண்ணிக்கை எதுவும் சொல்லப் போவதில்லை, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்தான். போன் எழுதி முடித்ததும், திருத்தக் கூடாது என்று தெரிந்தாலும், முதல் முறையாக வாசித்துப் பார்த்தான்:

'பெயர் குட்டி. வயது இருபத்தெட்டு. இருப்பிடம் தையல்கார அக்கா வீட்டு மாடி அறை. என் மனைவி அலகு. என் மகள் அலகு. இந்த அறையில் இப்போது எங்கே பார்த்தாலும் அலகாக இருக்கிறது. வாசிப்பவருக்கு வேண்டுகோள், முடிவு சொல்ல வரும்போது கதவைத் தட்டவும். உள்ளே ஆள் இருக்கிறது.'